நின்னவனுக்கு இல்லை

எங்கள் பக்கத்துத் தோல் பதனிடுகிற ஷாப்புகளில் ‘நிக்கிறேன்’ என்றால் வேலை செய்கிறேன் என்று அர்த்தம். குழியில் நிற்கிறவன், தொட்டியில் நிற்கிறவன், பட்டை இடிக்கிற இடத்தில் நிற்கிறவன் என்றுதான் ஆளைச் சொல்வார்கள். அதே ஆள் ‘நின்னுட்டேன்’ என்றால் வேலை இல்லை என்று அர்த்தம். ஆம்பூரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது விளங்கும். வெளியூர்க்காரருக்கு விளங்காது. அப்படி விளங்காத ஒருவர் கையில் சர்க்கார் பேனாவைக் கொடுத்து உட்கார வைத்ததில்தான் பச்சையப்பனுக்குத் தொல்லை ஆரம்பமாயிற்று.

பச்சையப்பன் பத்தொன்பது வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்றவன். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, தொடைவரை இறங்கி நின்று மிதித்துப் புரட்ட வேண்டும். அப்போதுதான் மயிர் கழன்று வரும். அவனுக்கும் முழங்காலுக்குக் கீழே ஒரு மயிர் கிடையாது. மாட்டுக்கும் தனக்கும் ஒரே நாவிதன் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சுண்ணாம்பு முடிந்தால் ஆவாரம்பட்டைத் தொட்டி, அதற்குப் பிறகு கடுக்காய்த் தண்ணீர். எதற்கும் தண்ணீர் வேண்டும். அந்த வருஷத்தோடு பாலாற்றில் வெள்ளம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சித்திரையில் ஷாப்புக் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. வைகாசி முதல் தேதி மேஸ்திரி வந்து, “இன்னியோட சரிப்பா. மழை பேஞ்சா சொல்லி அனுப்புறோம்” என்றார். அறுபது பேர் குழியை விட்டு ஏறினார்கள். கால் கழுவத் தண்ணீர் இல்லாமல் மணலில் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பாதிப் பேர் பெங்களூருக்கும் சொந்தக்காரர் ஊர்களுக்கும் போய்விட்டார்கள். பச்சையப்பனால் போக முடியவில்லை. திமிரியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் பூவம்மாள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாசம். அவன் பெண்சாதி எல்லம்மா விடியற்காலையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வருகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு வருவாள். கேழ்வரகுப் பானையில் அடி தெரிய ஆரம்பித்திருந்தது. கூழ் காய்ச்சி, அடியில் தங்கிய கெட்டியை மகளுக்கு ஊற்றி, மேலே நிற்கிற தண்ணீரைத் தாங்கள் இரண்டு பேரும் குடித்தார்கள். பூவம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தன் கெட்டியை அவர்கள் தண்ணீரில் கலக்கி விடுவாள். அதற்காகத் தாயும் மகளும் தினம் சண்டை போட்டார்கள்.

அப்போதுதான் தண்டோராக்காரன் சேரிக்குள் வந்தான். வேலை போனவர்களுக்கு ரோட்டுக்குச் சல்லி உடைக்கிற வேலை உண்டு, அதற்கு நிவாரணச் சீட்டு வாங்க வேண்டும், சீட்டு உள்ள வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் கூலி போகத் தினம் அரைப்படி கேழ்வரகு, வெள்ளிக்கிழமையோடு ரிஜிஸ்தர் மூடப்படும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை ரயிலுக்கு மலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டு கங்காணி பெருமாள் என்பவன் சத்திரத்தில் தங்கியிருந்தான். சீட்டுக் கிடைக்காவிட்டால் வருகிறேன் என்று பச்சையப்பன் அவனிடம் சொல்லி வைத்திருந்தான். எல்லம்மாவின் அண்ணன் அந்த மலைக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது. போன பிறகு ஒரு தகவல் இல்லை.

திங்கட்கிழமை காலையில் பச்சையப்பன் பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் போனான். திண்ணை மேலே மேஜை போட்டு ரைட்டர் கோதண்டராமன் உட்கார்ந்திருந்தார். கும்பகோணத்துப் பக்கத்து மனிதர். வந்து பதினைந்து நாள் ஆகிறது. வெயிலும் ஊர்ப் பேச்சும் ஒன்றுபோல் அவரைப் படுத்திக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு சேவகன். அவன் உள்ளூர்க்காரன்தான். ஆனால் ரைட்டர் பேசும்போது குறுக்கே பேசினால் அவனும் நின்றுவிட வேண்டியதுதான். சேரி ஜனங்கள் கீழே வெயிலில் வரிசையாக இருந்தார்கள்.

“பேர்?”

“பச்சையப்பன், சாமி.”

“என்ன வேலை?”

“குழியில நிக்கிறேன் சாமி.”

கோதண்டராமன் தலையைத் தூக்கிப் பார்த்தார். “இப்போ எங்கே நிக்கறே?”

“இங்கதான் நிக்கிறேன் சாமி.”

“வேலை இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு.”

“இல்ல சாமி. வைகாசி ஒண்ணாந் தேதியே நின்னுட்டேன்.”

“நின்னுட்டியா? யாராவது போகச் சொன்னாளா?”

இந்தக் கேள்வி பச்சையப்பனுக்குச் சுருக்கென்றது. ஷாப்பில் ஒருவனைப் போகச் சொல்கிறார்கள் என்றால் அவன் தோலைத் திருடியிருக்க வேண்டும், அல்லது குடித்துவிட்டுக் குழியில் விழுந்திருக்க வேண்டும்.

“என்னை யாரு சாமி போகச் சொல்லுவாங்க? பத்தொம்போது வருஷத்துல ஒரு சொல்லு கேட்டதில்ல. நானாத்தான் நின்னுட்டேன்.”

ரைட்டர் எழுதிக்கொண்டார். தானாக வேலையை விட்டவனுக்கு உதவி கிடையாது என்று அவருடைய புத்தகத்தில் முதல் விதியாகவே போட்டிருந்தது. தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவில்லை. பச்சையப்பனும் சொல்லவில்லை. ஷாப்புக் கிணறு வற்றியது ஊருக்கே தெரிந்த சங்கதி, அதைப் போய் ஒரு பெரிய மனுஷரிடம் யார் சொல்லுவார்கள்?

“நின்னவனுக்கு இல்லை. அடுத்த ஆள்.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் எல்லம்மா ஊற்றுத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். “நின்னவனுக்கு இல்லன்னா இன்னா அர்த்தம்?”

“தெரியல. அதான் சொன்னாரு. நின்னவனுக்கு இல்லன்னாரு.”

“நீ நின்னுக்கிட்டா கேட்ட?”

“பின்ன படுத்துக்கிட்டா கேப்பாங்க, ஏமே?”

எதிர்வீட்டுப் பட்டம்மாள் வாசலில் வந்து நின்றாள். கூலிக்காரி, புருஷன் இல்லாதவள். அவளுக்கு அன்றைக்கே சீட்டுக் கிடைத்துவிட்டது. “நான் குந்திக்கிட்டுத்தான் இருந்தேன். வெயிலு ஜாஸ்தி, முட்டி வலி வேற. அப்பிடியே குந்திட்டேன். பேரு கேட்டாரு, கூலின்னேன், குடுத்துட்டாரு.”

 பூவம்மாள் உள்ளே சுவரில் சாய்ந்தபடி, “அப்ப குந்தித்தான் கேக்கணும் போல, நைனா” என்றாள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. துரைமார் ஆபீசில் எதற்கும் ஒரு முறை உண்டு; செருப்பைக் கழற்று, தலைத்துண்டை எடு, தள்ளி நில் என்று எத்தனையோ கேட்டவர்கள் அவர்கள். குந்து என்று ஒரு முறை இருந்தால் அதில் என்ன ஆச்சரியம்?

செவ்வாய்க்கிழமை தன் முறை வந்ததும் பச்சையப்பன் ரைட்டர் மேஜைக்கு நேராகத் தரையில் குந்தினான். அவன் வாழ்நாளில் ஓர் அதிகாரி முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதுகு வியர்த்துவிட்டது.

சேவகன் பாய்ந்து வந்தான். “டேய், எழுந்திருடா.”

“என்னடா இது, கச்சேரி கேக்க வந்தியா?” என்றார் கோதண்டராமன்.

“நின்னவனுக்கு இல்லன்னு சொன்னீங்களே சாமி. அதான் குந்திட்டேன்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரைட்டர் முகம் சிவந்தது. இவன் தன்னைக் கேலி செய்கிறானா, நிஜமாகவே சொல்கிறானா என்று அவருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். கேலி செய்கிற முகமாகத் தெரியவில்லை. அதுதான் அவரை இன்னும் குழப்பியது.

“எழுந்திரு முதல்லே. நீ எப்படி நின்னேன்னு உன் ஷாப்பிலேர்ந்து எழுதி வாங்கிண்டு வா. அப்புறம் பாக்கலாம்.”

எப்படி நின்றோம் என்று யோசித்தபடியே பச்சையப்பன் வீடு வந்தான். குழியில் நிற்பதற்கு ஒரு முறைதான் உண்டு. காலை அகட்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும்.

புதன்கிழமை ஷாப்புக்குப் போனான். குழிகள் வெடித்துக் கிடந்தன. ஆவாரம்பட்டை வாடையும் சுண்ணாம்பு வாடையும் மட்டும் போகாமல் இருந்தது.  கணக்கு அறையில் முனீர் அகமது பனைவிசிறியோடு தனியாக இருந்தார். முதலாளி மெட்ராசில் இருந்ததால் ஷாப்பு அவர் பொறுப்பு.

“இன்னா பச்சையப்பா, பொண்ணு எப்படி இருக்குது?”

“இருக்குது பாய். ஒரு லெட்டர் ஓணும். நான் எப்பிடி நின்னேன்னு எழுதித் தரணுமாம்.”

விஷயத்தைக் கேட்டுவிட்டு முனீர் அகமது தாடியைத் தடவினார். “பேஜாராப் போச்சே. உன்னை நிறுத்திட்டோம்னு எழுதலாம். ஆனா அந்தக் காயிதம் உன்கிட்ட இருந்தா, நாளைக்கு வாணியம்பாடியில ஒருத்தன் உன்னைச் சேத்துக்குவானா? இவன் இன்னா பண்ணானோன்னு பாப்பான். நான் ஆளை நிறுத்தலப்பா. வேலையைத்தான் நிறுத்தினேன்.”

“அப்பிடியே எழுதுங்க பாய்.”

அவருக்குத் தமிழ் எழுத்து நிதானமாகத்தான் வரும். நாக்கை உதட்டோரம் வைத்துக்கொண்டு எழுதினார். எழுதி முடித்துப் படித்தும் காட்டினார்: “இதில் கண்ட பச்சையப்பன் எங்கள் ஷாப்பில் பத்தொன்பது வருஷமாய் யோக்கியமாய் நின்று வந்தவன். வைகாசி முதல் தேதியிலிருந்து வேலை நிறுத்தம்.”

யோக்கியமாய் என்ற வார்த்தையைப் பச்சையப்பன் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். எல்லம்மாவிடம் சொல்வதற்காக அதை வழியெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு போனான். அன்றைக்கு இரண்டு பேரும் தைரியமாக ஒரு கை மாவு கூடுதலாகப் போட்டுக் களி கிண்டினார்கள். பட்டம்மாள் கொடுத்த பண்ணைக்கீரையைக் கடைந்தார்கள். பூவம்மாள் சண்டை போடாமல் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை கோதண்டராமன் கடிதத்தைப் படித்தார். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“வேலைநிறுத்தமா? இதை ஏன் முன்னாடியே சொல்லலே? ஸ்ட்ரைக் பண்ணினவாளுக்குக் கிடையாதுன்னு வேலூர்லேர்ந்து உத்தரவே வந்திருக்கு.”

“ஸ்டிரைக்குன்னா இன்னா சாமி?”

“வேலை செய்ய மாட்டேன்னு நிக்கறது.”

“நிக்கிறதுதான் சாமி எங்க வேலை.”

ரைட்டர் வேலைநிறுத்தம் என்று எழுதிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவரும் பாவம், கெட்டவர் இல்லை. காலையிலிருந்து இருநூறு பேருக்கு எழுதியிருந்தார். இங்கிலீஷில் அச்சடித்த ரிஜிஸ்தர் கலங்கள், தமிழில் வருகிற பதில்கள், இரண்டுக்கும் நடுவில் அவர் ஒருவர்தான். “நீயா நிக்கறியா, அவா நிறுத்தினாளா, சேர்ந்து நிறுத்தினேளா, ஏதாவது ஒண்ணு சொல்லு. நாளைக்குச் சாயங்காலம் ரிஜிஸ்தர் வேலூருக்குப் போறது. அப்புறம் நானே நினைச்சாலும் முடியாது” என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் பச்சையப்பன் கொடியில் கிடந்த வேட்டியை மடித்து ஒரு பையில் வைத்தான். எல்லம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கங்காணிகிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல. நாளைக்கு சொல்லணும்.”

“எங்க அண்ணனும் இப்பிடித்தான் ஒரு வேட்டி எடுத்துக்கினு போனான். ஏழு வருஷமாச்சு. போனவனுக்குக் கருமாதி செய்யறதா வேணாமான்னு இன்னும் எங்கம்மாவுக்குத் தெரியல.” அவள் பையைப் பிடித்துக்கொண்டாள். “நிறுத்திட்டாங்கன்னு சொல்லேன். ஒரு வார்த்தைதான்.”

“அந்த வார்த்தை என் வாயில வராது எல்லம்மா.”

“பாய் எழுதலன்னா நீ சொல்லக்கூடாதா? யாரு கேக்கப் போறா?”

“நான் கேப்பனே.”

உள்ளேயிருந்து பூவம்மாள், “நைனா, எனக்கு இன்னிக்குப் பசியில்ல. நீயும் அம்மாவும் குடிச்சிடுங்க” என்றாள். பகல் முழுக்க அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பச்சையப்பன் பையிலிருந்து வேட்டியை வெளியே எடுத்தான். அதை உதறி மறுபடியும் கொடியில் போட்டான். 

வெள்ளிக்கிழமை எல்லம்மாவும் கூடப் போனாள். வழியெல்லாம் அவன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். நிறுத்திட்டாங்க. நிறுத்திட்டாங்க. ரயில்வே கேட் தாண்டுவதற்குள் அந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது வரிசையில் ஏழு பேர்தான் பாக்கி. சேவகன் ரிஜிஸ்தர்களைச் சாக்கில் கட்டக் கயிறு தேடிக்கொண்டிருந்தான்.

“வந்துட்டியா? சொல்லு” என்றார் ரைட்டர்.

பச்சையப்பன் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான். “என்னை நிறுத்திட்டாங்க சாமி.”

“அப்படிச் சொல்லு.” கோதண்டராமன் நிம்மதியாகப் பேனாவை மையில் தோய்த்தார். “எதுக்கு நிறுத்தினா?”

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. எல்லம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவளும் எதிர்பார்க்கவில்லை.

“காரணம் எழுதணுமே. திருட்டா, குடியா, அடிதடியா?”

இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னால்தான் சீட்டு என்று பச்சையப்பன் நினைத்துக்கொண்டான். திருட்டு என்று அவனால் சொல்ல முடியாது. அடிதடி என்றால் போலீஸ் வரும். மூன்றில் சின்னது எதுவென்று பார்த்தான்.

“குடி, சாமி.”

பேனா அந்த இரண்டு எழுத்தையும் எழுதிவிட்டது. எழுதிய பிறகு கோதண்டராமன் பெருமூச்சு விட்டார். “தன் குத்தத்தாலே வேலை போனவாளுக்கும் கிடையாதுப்பா. நான் என்ன செய்யட்டும்?”

எல்லம்மா வரிசையை விட்டு முன்னால் வந்தாள். சேவகன் தடுப்பதற்குள் மேஜைக்கு எதிரே திண்ணையடியில் வந்து நின்றுவிட்டாள்.

“குடிக்கிறதுக்குத் தண்ணியே இல்ல சாமி. இவரு எங்க குடிச்சாரு? கள்ளுக்கடைப் பக்கம் தலைவெச்சுப் படுத்ததில்ல. தண்ணி நின்னுட்ச்சி, அதனால ஷாப்பு நின்னுட்ச்சி, அதனால இவரு நின்னுட்டாரு. அவ்ளோதான் சங்கதி. யாரும் யாரையும் நிறுத்தல.”

“தண்ணியா?”

“ஷாப்புக் கெணறு வத்திப் போச்சு சாமி. தண்ணியில்லாம தோலை எப்பிடி ஊறப்போடறது?”

கோதண்டராமன் புத்தகத்தைப் புரட்டினார். விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டிக்கொண்டு போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். “அட ராமா. தண்ணி இல்லாம மூடின தொழில் ஸ்தலத்து ஆள்னு ஏழாவது கலமே போட்டிருக்கே. நாலு நாளா அலையறியே, ஒரு நாளாவது இதைச் சொல்லப்படாதா?”

“ஊருக்கே தெரியும் சாமி” என்றான் பச்சையப்பன்.

 ரைட்டரின் மேஜையில் ஒரு மண்கூஜா இருந்தது. அதில் இருந்தது ஆற்று ஊற்றில் கொட்டாங்கச்சியால் மொண்ட தண்ணீர்தான். தினம் யாரோ கொண்டுவந்து வைக்கிறார்கள், அவர் தினம் குடிக்கிறார். அதை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிவப்பு மையை எடுத்து, தானாக நின்றவன் என்பதை அடித்தார். வேலைநிறுத்தம் என்பதை அடித்தார். குடி என்பதையும் அடித்தார். ஏழாவது கலத்தில் எழுதி, நானூற்றுப் பன்னிரண்டு என்று எண் போட்ட சீட்டைக் கிழித்துச் சேவகன் கையில் கொடுத்தார்.

எல்லம்மா நகரவில்லை. “குடின்னு எழுதினதை அடிச்சிட்டீங்களா சாமி?”

“அடிச்சாச்சு.”

“அடிச்சாலும் அடியில தெரியுமே சாமி.”

கோதண்டராமன் பேனாவை மறுபடியும் தோய்த்து, அந்த இரண்டு எழுத்தின் மேல் காகிதம் கிழிகிற அளவுக்கு முன்னும் பின்னும் தேய்த்தார்.

சனிக்கிழமை கங்காணி பெருமாளின் ரயில் போகிற சத்தம் சேரிக்குக் கேட்டது. எல்லம்மா வெளியே வந்து நின்று, சத்தம் முழுக்க ஓயும்வரை கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் வேலூர் ரோட்டோரம் சல்லி உடைக்கப் போனார்கள். ஓலைத் தட்டி நிழலில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டம்மாள் முதல் ஆளாக இருந்தாள். பச்சையப்பன் சுத்தியலை வாங்கிக்கொண்டு கருங்கல் குவியலுக்குப் பக்கத்தில் காலை அகட்டி நின்றான். அந்த மாதிரி நின்றுதான் அவனுக்கு வேலை பழக்கம்.

சல்லி மேஸ்திரி அவனைப் பார்த்தான். “இன்னாயா நிக்கிற? நிக்கிறவனுக்கு இங்க கூலி கிடையாது. குந்து.”

எல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரு மாசத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பட்டம்மாளுக்கும் தொற்றிக்கொண்டது. பச்சையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. மெள்ளக் குந்தினான். பத்தொன்பது வருஷம் நின்ற கால்கள் வெகுநேரம் மடங்க மாட்டோம் என்றன. கடைசியில் மயிரில்லாத இரண்டு கால்களையும் வெயிலில் நீட்டிப்போட்டு, நடுவில் கல்லை வைத்துக்கொண்டான். முதல் அடி கல்லில் படாமல் பக்கத்து மண்ணில் பட்டது.

உச்சிப்பொழுதுக்குக் கேழ்வரகு வண்டி வந்தது. எல்லம்மா அரைப்படியை முந்தானையில் முடிந்துகொண்டு மகளுக்குக் கொடுத்துவர ஓடினாள். அவள் போவதையே பார்த்தபடி பச்சையப்பன் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். மேஸ்திரி தாளை எடுத்துக்கொண்டு வந்து பெயர் கூப்பிட்டான்.

“நானூத்திப் பன்னெண்டு. பச்சையப்பன்.”

“நிக்கிறேன் சாமி” என்றான், உட்கார்ந்தபடியே.

மேஸ்திரி உள்ளூர்க்காரன். ஒன்றும் கேட்காமல் தாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனான்.